ஒடிலின் மாப்பிள்ளையை ரெஜைனாவுக்கு அனுப்பிய விஷயமாக

ரிமூஸ்கி
சாம்பல் புதன், பூசையிலிருந்து வந்த கையோடு

அன்புள்ள மகன் சில்வேனுக்கு,

உன் பெரியம்மா ஜெர்மேன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. பொய் எழுதக்கூடாது என்று மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருப்பதால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உன்னைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்றிலிருந்து நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அதுவும் நல்லதற்குத்தான். வாயால் பேசினால் தவக்காலத்தின் முதல் நாளே நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

விஷயம் உனக்குத் தெரியும், செய்தவனே நீதானே. நம் ஊர் ஐஸ் ஹாக்கிக் குழுவுக்கு மேலாளராக உட்கார்ந்துகொண்டு, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள லீக் வைத்த கடைசி நாளான நேற்று, என் மகள், உன் தங்கை ஒடிலுக்கு நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே, அவளுடைய மாப்பிள்ளை யானிக்கைத் தூக்கி ரெஜைனா குழுவுக்குக் கொடுத்துவிட்டாய். தங்கச்சி மாப்பிள்ளையை ஊர்விட்டு ஊர் கடத்திய அண்ணனை நம் குடும்பத்தில் இதுவரை நான் பார்த்ததில்லை. முப்பத்தாறு வயதுவரை மருந்துக்கடையே கதி என்று இருந்தவள், ஒருவழியாக ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். அவளைவிட இளையவன், முன்பற்கள் மூன்று சொந்தப் பற்கள் இல்லை, சூப்பைச் சத்தத்தோடு குடிப்பான். எல்லாவற்றையும் நான் விழுங்கிக்கொண்டேன். ஜூனில் கல்யாணம். அவர்களுக்காக மாடிக்கு வண்ணமடித்து, எந்த அலமாரி எந்தச் சுவரோரம் என்பதுவரை நானே தீர்மானித்தாயிற்று. ரெஜைனா என்ன பக்கத்துத் தெருவா? பாதி நாட்டைத் தாண்டிப் போக வேண்டும். இனி அவள் கடையை விட்டுவிட்டு அவன் பின்னால் போவாளா, அவனை விட்டுவிட்டுக் கடையோடு இருப்பாளா? எது நடந்தாலும் எனக்குத்தானே அடி.

அந்த நாளில் விருந்து வைத்தது உங்கள் தவறு என்று நீ சொல்வாய். தவக்காலத்தில் விருந்து வைக்க முடியாது. அதற்கு முந்தின வாரமெல்லாம் யானிக் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தான். சாம்பல் புதனுக்கு முதல் நாள் மட்டும்தான் மிச்சம். நான் திருச்சபையின் நாள்காட்டியைப் பார்த்தேன், லீக்கின் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. கூடவே என் வீட்டு விதி உனக்குத் தெரியும், சாப்பாட்டு மேசையில் போன் கூடாது. வந்தவர்களிடமெல்லாம் வாங்கி, பங்குச்சாமி துர்கோத்துடையதையும் சேர்த்து, பெரிய சூப் பாத்திரத்தில் போட்டு மூடிவைத்துவிட்டேன். அதனால் ஊர் முழுக்கச் செய்தி தெரிந்த பிறகும் மாப்பிள்ளைக்குத் தெரியாது. நாங்கள் தோர்த்தியேர் இறைச்சி அடையை முடித்து, மெல்லிய கிரெப் தோசைகளுக்கு வந்தபோது சூப் பாத்திரம் முனக ஆரம்பித்தது. மூடி நடுங்கியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள், நான் எல்லோரையும் பார்த்தேன், ஒருவரும் கை நீட்டவில்லை.

அப்போது அடுத்த வீட்டு பெர்ஜெவேன் கதவைத் தட்டினார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்போல.

“மன்னிச்சுக்கணும் மதாம். யானிக்க ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ஜூன்லேர்ந்து எங்க மாடியிலதான் இருக்கப்போறார். தினமும் பாக்கலாமே.”

“அப்போ உங்களுக்கு இன்னும் தெரியாதா?” என்றவர், நேரே போய் யானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெஜைனாவுக்குப் போறியாமே. இங்க நல்லா ஆடுனப்பா, குறை சொல்ல முடியாது. ஆனா உனக்குப் பதிலா ஒரு பின்லாந்துக்காரன் வர்றான் பாரு, கெட்டுனென்னு, அவன் வேற ரகம்.”

ஒடில் மயங்கி விழுவாள் என்று பார்த்தேன், விழவில்லை. பங்குச்சாமி எழுந்தார். ஜெபம் சொல்லப்போகிறார் என்று நினைத்துத் தலை குனிந்தேன். நிமிர்ந்தால், அவர் உப்புக் குப்பியை மேசை நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன சாமி பண்றீங்க?”

“இருங்கம்மா, யாருக்கு லாபம்னு பாத்துருவோம். இந்த உப்பு யானிக். இந்தப் பீட்ரூட் ஊறுகாய் நம்ம வலது ஓரக்காரன் தெபியேன். கடுகு, மாற்றுக் கோல்காப்பாளர். போறது மூணு. வர்றது யாரு யாரு, பெர்ஜெவேன்?”

“கெட்டுனென் சாமி, அப்புறம் நடுக்களத்துக்கு ஹாலிஸ்டர். கூடவே அடுத்த வருஷம் இளையோர் தேர்வுல ஒரு பையன எடுத்துக்கிற உரிமை, ரெண்டாவது சுற்றுல.”

கெட்டுனென் உயரம் என்பதால் அவனுக்கு மேப்பிள் பாகு ஜாடி. ஹாலிஸ்டருக்கு வெண்ணெய்த் தட்டு. யாரென்றே தெரியாத அந்தப் பையனுக்குக் காலி முட்டைக் கிண்ணம். என் தாயார் வழி வந்த பாத்திரங்கள் சில்வேன், அவற்றை வைத்து என் மகளின் வாழ்க்கையை எடை போடுகிறார்கள்.

“யானிக்குக்கு முட்டி போச்சு சாமி,” என்றார் பெர்ஜெவேன். “அவன் திரும்புறதுக்குள்ள பக் வட்டு கோலுக்குள்ள போய் உக்காந்துருது.”

“முட்டி இல்ல, இடுப்பு,” என்றான் யானிக், கிரெப்பை மென்றுகொண்டே.

“தம்பி, உன்னைப் பத்தித்தான் பேசுறாங்க,” என்றேன்.

“தெரியுது அத்தை. சில்வேன் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்.”

சரி, அவனுக்கு அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒடிலைப் பார்த்தேன். அவள் வெண்ணெய்த் தட்டைத் தள்ளிவைத்தாள். “கெட்டுனெனுக்கு இருபத்துநாலு வயசுதாம்மா, அது நல்ல பேரம். ஹாலிஸ்டரைத்தான் ஏன் வாங்குனாங்கன்னு தெரியல. நடுவுல பக்கைப் போட்டா பாதி தடவை அடுத்தவனுக்கு விட்டுடுறான்.” கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா இது? உன் பெரியப்பா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டு வருந்தியிருப்பார் என்று எழுத நினைத்தேன். இல்லை, அவரும் ஒரு கரண்டியை எடுத்து நடுவில் வைத்திருப்பார்.

நானும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? “எல்லாரும் பாகு ஜாடியையே பாக்குறீங்க,” என்றேன். “நம்ம பக்கம் ஒருத்தன் தண்டனைப் பெட்டியில இருக்கான், ஒரு ஆள் குறைச்சல், அப்போ கோலுக்கு முன்னாடி யாரு படுப்பா? பின்லாந்துக்காரன் படுப்பானா? மூஞ்சியைக் குடுத்து பக்கை நிறுத்துனவன் யானிக். அந்த மூணு பல்லு சும்மா போகல.” பங்குச்சாமி உப்பைக் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தினார். இதையெல்லாம் நீயல்லவா யோசித்திருக்க வேண்டும்? ஓரக்காரனையும் மாற்றுக் கோல்காப்பாளரையும் கொடுத்து ஹாலிஸ்டரை வாங்கியிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அது நியாயமான பேரம். யானிக்கைச் சேர்த்ததில்தான் புத்தி கெட்டுப்போயிருக்கிறது.

யானிக் இன்று காலை விமானமேறிவிட்டான். வாசலில் ஒடில் கையசைத்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெண் உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கிறாள், எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் வழி இருக்கிறது. புதிதாய் வருகிறவர்களை உங்கள் டாக்டர் சோதித்துச் சரி என்று சொன்னால்தானே மாற்றம் செல்லும்? கெட்டுனென் நாளைக்கு வருகிறானாம். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவனுடைய இடது முட்டியை டாக்டர் சற்று அக்கறையோடு பார்க்கட்டும் என்று மட்டும் சொல்கிறேன். அக்கறையோடு பார்த்தால் எந்த முட்டியில்தான் குறையில்லை?

உன் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். இந்தத் தவக்காலத்தில் உனக்கு நல்ல மனந்திரும்புதல் கிடைக்கட்டும் என்று தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், நான் ஆசீர்வதிக்கக் கொஞ்சம் நாளாகும்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
ஜெர்மேன் லபிரெக்

பி.கு. உறையை ஒட்டப்போகும்போது ஒடில் கடையிலிருந்து வந்தாள். வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா, பத்து வருஷம் ஆடினவரை அவர் சம்மதம் இல்லாம எங்கயும் அனுப்ப முடியாது. ஒப்பந்தத்துலயே இருக்கு.”

“அப்புறம் எதுக்குச் சம்மதிச்சான்?”

“நான்தான் சம்மதிக்கச் சொன்னேன். அண்ணன்கிட்ட போய்க் கேட்டதும் நான்தான். ரெஜைனா ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா போக விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள். கெட்டுனெனின் முட்டியை டாக்டர் எல்லார் முட்டியையும் போலவே பார்க்கட்டும். தானே போகிறேன் என்றவனைக் கொடுத்து இவ்வளவு வாங்கியிருக்கிறாய், ரெஜைனாக்காரர்களுக்கு உண்மை தெரிந்திருந்தால் பாதிகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் வாயைத் திறக்காதது கெட்டிக்காரத்தனம். என்னிடம் திறக்காததைப் பற்றி ஈஸ்டருக்குப் பிறகு பேசுவோம்.

ரெஜைனா குழுவின் ஆட்டங்கள் இங்கே எந்த ரேடியோவில் வரும் என்று விசாரித்து எழுது. நேர வித்தியாசத்தில் ஆட்டம் முடிய நடுராத்திரி ஆகுமாம். பரவாயில்லை, விழித்திருப்பேன். அவர்கள் இங்கே வந்து உங்களோடு ஆடுகிற அன்றைக்கு மட்டும் எனக்கு இலவசச் சீட்டு அனுப்பாதே. எந்தப் பக்கம் கைதட்டுவது என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.