அம்மணிக்கு ஆபரேஷன்

"…அதெல்லாம் இருக்கட்டுங்க மாப்பிள்ளை, மொதல்ல இதைச் சொல்லுங்க. ரெண்டு கால் அம்மணிக்கா, நாலு கால் அம்மணிக்கா?"

போன மாதம் ஒரு காலையில், காங்கேயத்திலிருக்கும் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, போன் செய்து, "அம்மணிக்கு ஒடம்பு சரியில்லைங்க" என்று ஆரம்பித்தேன். மேலே பேசவிடாமல் மச்சான் கேட்டது இது. மூன்று வருஷமாக என் வீட்டிலிருந்து எந்தச் செய்தி போனாலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். தப்பு என்மேல் என்பதால் நானும் ரோஷப்படாமல் பதில் சொல்லிவிடுவேன்.

தப்பு வேறொன்றுமில்லை. நாய்க்கு அம்மணி என்று பேர் வைத்தேன்.

எங்கள் கொங்குப் பக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். இங்கே அம்மணி என்பது ஒருத்தியின் பேரில்லை. மகளும் அம்மணிதான், தங்கையும் அம்மணிதான், பெண்டாட்டியும் அம்மணிதான். பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்திருக்கும், முன்பின் தெரியாத சிறுமியும் "அம்மணி, சித்த தள்ளி ஒக்காரு சாமி"தான்.

கணபதி என்கிற பகுதியில், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒரு மழை நாளில் வாசலில் நனைந்துகொண்டு நின்ற நாட்டு நாய்க்குட்டியைப் பார்த்து, "உள்ள வா அம்மணி" என்றேன். வந்துவிட்டது. கூப்பிட்ட பேருக்கு வந்த ஜீவனுக்கு வேறு பேர் எதற்கு?

என் மனைவி கலாமணி அன்றைக்கே சொன்னாள். "ஏனுங்க, எங்கண்ணன் என்னைய அம்மணின்னுதான் கூப்படறாரு. அவரு ஊட்டுக்கு வந்து கூப்பிட்டா நான் வாரதா, இது வாரதா?"

"யாருக்குப் பசியோ அவங்க வரட்டும்" என்றேன். (பெரிய பதிலடி கொடுத்துவிட்டதாக நினைப்பு.)

அம்மணிக்கு ஏழு வயதானபோது அது நடந்தது. நாலு நாளாகச் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் போசியை மட்டும் வைக்க வைக்கக் காலி செய்தது. தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். ஒல்லியான சின்னப் பெண் அந்த டாக்டர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"கர்ப்பப்பையில சீழ் கோத்திருக்குங்க. நாளைக்குக் காலையில எடுத்தாகணும். தள்ளிப் போட்டா உசுரு தங்காது. ராத்திரியிலிருந்து எதுவும் குடுக்காதீங்க. வயித்துல சாப்பாடு இருந்தா மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழல்ல ஏறிரும்."

நாலு நாளாகச் சாப்பிடாத நாயைப் பட்டினி போடுவதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தோசைத் தட்டோடு உட்கார்ந்ததும் அம்மணி மெல்ல எழுந்து வந்து, என் தட்டைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்தது. நாலு நாளில் முதல் முறை. என் கை தன்னால் தோசையைப் பிய்த்துவிட்டது.

"கையை எடுங்க" என்றாள் கலாமணி. "பாசத்துல கொன்னுபோடாதீங்க."

தட்டோடு என்னைச் சமையலறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டாள். உள்ளே எனக்கும் இறங்கவில்லை. அது பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் எப்படித் தின்பது என்று தட்டை மூடி வைத்தேன். மறுநாள் காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. இந்தத் தியாகத்தால் யாருக்கு என்ன லாபம் என்று அப்போது யோசிக்கவில்லை.

இதற்கு நடுவில், அன்று பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், காங்கேயத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். மச்சான் சொல்லி என் கடைக்கு வந்தவர். அவருடைய போர்வெல் மோட்டார் என்னிடம் இருந்தது.

"நாளைக்குக் கடை லீவுங்க. நம்ம அம்மணிக்கு ஆபரேஷனுங்க" என்றேன்.

"அட சாமி. என்னாச்சுங்க?"

"கர்ப்பப்பையில சீழ் வெச்சுப்போச்சுங்க. எடுத்தாகோணும்னுட்டாங்க. நாலு நாளாச் சாப்பாடே எறங்கலீங்க. பாவம், படுத்த எடத்துல முனகிட்டே கெடக்குது."

எங்கள் பேச்சில் இன்னொரு வசதி உண்டு. வீட்டுப் பெண்களையும் பாசமாக "வருது, போகுது, சொல்லுச்சு" என்றுதான் சொல்வோம். அதனால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஓர் இடத்தில் மட்டும் லேசாகத் தடுமாறினார். "ஊசி போடப் போனா டாக்டரம்மாவைக் கடிக்க வந்துருச்சுங்க" என்று நான் சொன்னபோது, "கடிக்கவா?" என்றார். பிறகு, "வலி தாங்கியிருக்காதுங்க, பாவம்" என்றார். மனுசன்னா இவருதான் மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கலாமணி முன்னறையைக் கழுவி டெட்டால் போட்டுத் துடைப்பதற்காக வீட்டில் இருந்தாள். (முகூர்த்த ஜாக்கெட் ஒன்றும் பாக்கி இருந்தது. அவள் தையல்காரி.) நான் மட்டும் அம்மணியோடு போனேன். டாக்டர் அதன் முன்னங்காலில் முடியை வழித்து, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை எடுத்தார். அம்மணி அசையவில்லை. நான்தான் அசைந்தேன். சுவர் சாய்ந்து வருவது போலிருந்தது. நாய்களை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் நெற்றி இடித்தது வரைதான் ஞாபகம்.

"நோயாளி தைரியமா இருக்கு. கூட வந்தவரைத் தூக்கிப் பெஞ்சுல போடுங்க" என்று டாக்டர் சொன்னாராம். அந்த வார்த்தையை இன்றும் மறக்க முடியவில்லை. சொன்ன கையோடு ஊசியையும் சரியாகப் போட்டிருக்கிறார்.

நான் பெஞ்சில் கிடந்தபோது மச்சானின் போன் வந்திருக்கிறது. டீக்கடையில் அந்த விவசாயி துக்கம் விசாரிப்பது போல விசாரித்ததில் மச்சானுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்ததாம். கூடப் பிறந்த தங்கச்சிக்கு ஆபரேஷன். ஊரானுக்குத் தெரிகிறது, அண்ணனுக்குத் தெரியவில்லை. எங்கள் ஒறம்பரைக்குள், சொந்தபந்தத்துக்குள், இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருந்த அம்மா என் போனை எடுத்துப் பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

"அம்மணிக்கு இப்பத்தானுங்க மயக்க ஊசி போட்டிருக்குது. அண்ணனும் மயக்கம் போட்டு உழுந்துட்டாருங்க. ரெண்டு பேரையும் படுக்க வெச்சிருக்கோமுங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று மச்சான் கேட்பதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. தங்கச்சிக்கு நேராகப் போன் செய்திருக்கலாமே என்று பிற்பாடு கேட்டேன். "மயக்க ஊசி போட்டவளுக்கு எவனாச்சும் போன் பண்ணுவானுங்களா மாப்பிள்ளை?" என்றார். நியாயம்தான்.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். "நல்லபடியா எடுத்தாச்சுங்க. ஆனா கிருமி ரத்தத்துல கலந்திருக்குமோன்னு ஒரு பயம் இருக்கு. பொழுது எறங்கறதுக்குள்ள ஒரு வாயாவது சாப்பிடணும். சாப்பிடலைன்னா திரும்பக் கொண்டாங்க. உப்பு, காரம் கூடாது. உடம்பு சில்லுன்னு ஆகாம போத்தி வைங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்தி, கலாமணியின் பழைய பச்சைச் சேலையைத் தலையோடு போர்த்தினோம். அவள் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். நெற்றியில் பிளாஸ்திரியோடு நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மணி, அம்மணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். காதுகூட அசையவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. மச்சான் இறங்கினார். தன்னுடைய தேங்காய் உலர்த்தும் களத்தில் நின்று பேசினால் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கும் குரல் அவருக்கு. அன்று அந்தக் குரலைக் காணவில்லை. பின்னால் அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஒரு கையில் உரித்த நாட்டுக்கோழிப் பையும் இன்னொரு கையில் ஹார்லிக்சும் புது நைட்டிகள் இரண்டுமாக வந்தார்.

இந்த இடத்தில் என் புத்தியைச் சொல்ல வேண்டும். மச்சானுக்கு நாய் என்றாலே ஆகாது. களத்துப் பக்கம் ஒன்று வந்தால் கல்லெடுப்பார். ஏழு வருஷத்தில் என் நாயின் பேரைக்கூடக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் என் நாய்க்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுக் காங்கேயத்திலிருந்து கார் எடுத்து வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். வாங்க மச்சான் என்று சொல்ல வேண்டியவன் அழுதுவிட்டேன்.

நான் அழுததைப் பார்த்ததும் மச்சான் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார். பச்சைச் சேலையைப் பார்த்தார். மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"அம்மணி… அண்ணன் வந்துட்டன் பாரு கண்ணு. ஒண்ணும் ஆகாது சாமி."

சேலைக்குள், கால்மாட்டில், ஏதோ ஒன்று டொப் டொப்பென்று இரண்டு தரம் தரையில் அடித்தது.

மச்சான் அதையே பார்த்தார். அப்போது பின்னாலிருந்து, "ஏண்ணா, எப்ப வந்தீங்க?" என்ற குரல் கேட்டது. மருந்துப் பையோடு வாசலில் கலாமணி.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். ஒரு முனையைத் தூக்கினார். வால் தெரிந்தது. அப்படியே மூடிவிட்டார்.

கலாமணி விஷயத்தைச் சொல்லி முடித்தாள். "அப்ப மாப்பிள்ளைக்கு என்ன?" என்றார் மச்சான், என் நெற்றியைப் பார்த்து.

"ஊசியைப் பாத்து மயக்கமுங்ண்ணா."

"நாய்க்கு ஆபரேஷன். மாப்பிள்ளைக்கு மயக்கம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வார வழியில எனக்கு நெஞ்சுவலி வராம இருந்ததே பெரிசு."

எழுந்து செருப்பைத் தேடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நியாயம், ஆயுசுக்கும் என் வாசப்படி மிதிக்காமல் இருந்தாலும் நியாயம். ஆனால் அவர், "எத்தனை நாளாச் சாப்பிடலீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சாவது நாளுங்க. பொழுதுக்குள்ள சாப்பிடோணும். இல்லீனா…"

மச்சான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் கோழிப் பையோடு சமையலறைக்குள் போனார். "என் கையால உப்பில்லாமச் சமைக்கறது இதுதான் மொதத் தடவை" என்ற முணுமுணுப்பு மட்டும் வந்தது.

ஆறவைத்த கோழித் தண்ணீரைக் கிண்ணத்தில் வாங்கி, முதலில் நான் நீட்டினேன். அம்மணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. ஊசி போட்ட இடத்துக்குக் கூட்டிப் போனவன் நான்தானே. கெஞ்சினேன். செல்போனில் பார்த்த வீடியோக்களின் வித்தையெல்லாம் காட்டினேன்.

"அக்கட்டால தள்ளிப் போங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். "மாடு கன்னுப் போட்டுத் தீனி எடுக்கலைன்னா எதுக்கால நின்னு மூஞ்சியைப் பாக்கக் கூடாதுங்க. பக்கத்துல ஒக்காந்து நம்ம வேலையைப் பாக்கோணும்."

வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விரல்களைக் கோழித் தண்ணீரில் நனைத்து, கையை மல்லாக்கத் தரையில் வைத்தார். பிறகு நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, தேங்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். களத்தில் தேங்காய்ப் பருப்பு காய வெயில் போதவில்லை என்றார். நேற்று ஒரு தூறல் போட்டதில் அத்தனையும் அள்ள வேண்டியதாகிவிட்டது என்றார். அந்தப் பெரிய குரல் இவ்வளவு சின்னதாகும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கதவோரம் நின்றோம். ஜன்னல் வெயில் பாயிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிற்று. அவர் கை நகரவில்லை. தேங்காய்ப் பேச்சும் நிற்கவில்லை.

அம்மணி தலையைத் திருப்பியது. மூக்கை நீட்டியது. நக்கியது.

நாய் தொட்ட கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவுகிற மனிதர் கையை இழுக்கவில்லை. பேச்சையும் நிறுத்தாமல், இடது கையால் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தார். கிண்ணம் காலியாகும் வரை அந்த அறையில் நாக்குச் சத்தமும் தேங்காய் விலையும்தான். டாக்டருக்குப் போன் செய்து, "சாப்பிட்டுருச்சுங்க" என்று நான் சொன்னபோது, அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது கேட்டது.

தையலை நக்காமலிருக்க ஆஸ்பத்திரியில் கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கூம்பு கொடுத்திருந்தார்கள். அதை நான் தலைகீழாக மாட்டியதையும், அம்மணி கதவு, ஸ்டூல், தண்ணீர்க் குடம் மூன்றிலும் மோதியதையும் விரிவாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கலாமணிதான் அக்கா வாங்கி வந்த ரோஜாப்பூ நைட்டி ஒன்றை எடுத்தாள். நாலு கால்களுக்கு ஓட்டை வைத்து, முதுகில் நாடா கோத்து, அரை மணியில் ஒரு சட்டை தைத்துவிட்டாள். தையல் பிரிக்கும் வரை பத்து நாளும் அம்மணி அதோடுதான் தெருவில் நடந்தது. அதே ரோஜாப்பூவில் இன்னொரு நைட்டியை என் மனைவி போட்டிருந்தாள். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்த அன்றைக்குத்தான் மச்சான் வாயிலிருந்து முதல்முறையாக அந்த ரெண்டு கால், நாலு கால் கணக்கு வந்தது.

போன மாதப் போனுக்கு வருகிறேன்.

"ரெண்டு காலுங்க மச்சான்" என்றேன். "கடைவாய்ப் பல்லைப் புடுங்கியிருக்குது. மூஞ்சி வீங்கிப்போச்சு."

"அப்பச் செரி. வாரேன்" என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் கோழிப் பையோடு வந்து சேர்ந்தார். வாயில் பஞ்சும் ஒரு பக்கம் உப்பிய கன்னமுமாக நாற்காலியிலிருந்து எழுந்த கலாமணியிடம், "வாயைத் தொறக்காத கண்ணு, ஒக்காரு" என்றார். அவளைத் தாண்டி உள்ளே போனார். தையல் மெஷினுக்குப் பின்னால், நரைத்த மூஞ்சியோடு நாலு கால் அம்மணி படுத்திருந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையை மல்லாக்க வைத்தார். அதைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, தேங்காய் விலையைச் சொல்ல ஆரம்பித்தார்.