ஒன்பது பல்பில் ஏழு நலம்

தியாகதுருகம்,
ஞாயிற்றுக்கிழமை.

பொருள்: தாங்கள் அன்போடு அனுப்பிய ஒன்பது கிளைத் தொங்குவிளக்கைத் திருப்பி அனுப்ப அனுமதி வேண்டுதல்.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அன்புச்செல்வன் அவர்களுக்கு, மின்வாரியத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் மாமனார் தெய்வசிகாமணி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் நலம். ஒன்பது பல்பில் ஏழு நலம். அவ்விடம் உங்கள் நலத்தையும், ஏழாம் மாதம் நடக்கும் சுபஸ்ரீயின் நலத்தையும், சம்பந்தி வீட்டார் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் உங்கள் அத்தை ஸ்பீக்கரைப் போட்டு நாலு வாக்கியம் பேசிவிடுகிறாள், அந்தப் பக்கம் சுபா சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள், விஷயம் அந்தரத்தில் நிற்கிறது. தவிர, எனக்குப் பழக்கம் அப்படி. எழுதிக் கொடுத்தால்தான் அது குறை, வாயால் சொன்னால் வெறும் புலம்பல். காகிதத்தின் மேல் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூடத்து மின்விசிறி சில நாட்களாக ஏனோ முழு வேகத்தில் மட்டும் சுற்றுகிறது. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

முதலில் பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வந்த அன்று நம் கூடத்தில் ஐந்து ட்யூப்லைட் எரிந்தது. ஒரு கூடத்துக்கு ஐந்து எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, அது உங்கள் பெருந்தன்மை, நானே சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்க ஜனங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வெளிச்சம் பத்தவில்லை என்று. கரும்புக்கும் நெல்லுக்கும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும், வீட்டு பல்பெல்லாம் மஞ்சளாகச் சோர்ந்து தொங்கும், அதற்கும் நான்தான் காரணம் என்பது போல என்னைப் பார்ப்பார்கள். நான் வீடு கட்டினால் மூலையில்கூட நிழல் விழக் கூடாது என்று சபதம் போட்டேன். விழவில்லை. உங்கள் அத்தை ராத்திரிச் சமையலுக்குக் கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அந்தக் கூடத்தில்தான் நீங்கள் இலை முன் உட்கார்ந்து, “கண்ணு கூசுது மாமா” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வடை சாப்பிட்டீர்கள். எதிர்வீட்டுக்காரர் பாவாடை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குக் கண் ஆபரேஷனா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றால் சம்பந்தி வீட்டைக் குறைத்துச் சொன்னதாகும், வெளிச்சம் கூசுகிறது என்றால் என் வீட்டை நானே குறைத்துச் சொன்னதாகும். மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முழுக்கத் தெருவில் அதிகம் பேர் உங்களைப் பார்க்க வராததற்கும், வந்த ஒன்றிரண்டு பேர் தரையைப் பார்த்தபடியே உங்களிடம் பேசியதற்கும் காரணம் அதுதான். ஐந்து மாதமாக மனதில் வைத்திருந்தேன், இன்று இறக்கி வைத்துவிட்டேன்.

நீங்கள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. போன மாதம் சுபா உங்கள் அத்தையிடம், “அந்த வெளிச்சத்துல கொழந்தய எப்டி தூங்க வைப்பாங்கன்னு அவரு கேக்கறாரும்மா” என்றாளாம். தாய் வீட்டுப் பிரசவத்தைப் பற்றி அதோடு பேச்சு நின்றுவிட்டது. அடுத்த வாரமே உங்கள் பார்சல் வந்தது. பித்தளையில் ஒன்பது கிளை, கிளைக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பல்பு மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. வார்ம் ஒயிட் பல்பு வாங்கவும், கடையில் கேட்டால் சொல்வார்கள் என்று ஆரம்பித்தது. அந்த ‘கேட்டால் சொல்வார்கள்’ என்ற இடத்தோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். கல்வராயன் மலையில் எட்டுப் பேரோடு சேர்ந்து கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, லைன் இழுத்தவன் நான். ஒரு பல்பு வாங்க நான் ஆளைக் கேட்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. மன்னிக்கவும்.

கள்ளக்குறிச்சியில் நிர்மலா என்ற அம்மாள் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். விளக்குக் கிளையின் வாயைப் பார்த்ததுமே இதற்கு இரண்டு காது வைத்த நம் பல்பு பொருந்தாது, சின்னத் திருகு பல்புதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதுவரைக்கும் நான் கெட்டிக்காரன். எத்தனை கெல்வின் வேண்டும் என்று கேட்டார். 2700 இருக்கிறது, 4000 இருக்கிறது, 6500 இருக்கிறது. மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள். வார்ம் என்றால் வெதுவெதுப்பு. கெல்வின் என்றால் வெப்ப அளவு, அது எனக்கு ஐடிஐ படிக்கும்போதே தெரியும். வெதுவெதுப்பு வேண்டுமென்றால் வெப்பம் ஜாஸ்தியாக இருப்பதைத்தானே வாங்க வேண்டும்? 6500 கொடுங்கள் என்றேன். “அது வெள்ள வெளேர்னு எரியுங்க. கம்மி நம்பருதான் மஞ்சளு” என்றார் அந்த அம்மாள். நான் மின்வாரியம் என்றேன். உடனே எடுத்துக் கட்டிவிட்டார். அன்று சாயங்காலம் ஐந்து ட்யூப்லைட்டோடு ஒன்பது குட்டி ட்யூப்லைட்டும் சேர்ந்து எரிந்தது. உங்கள் அத்தை ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு மறு கையால் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடினாள். உங்கள் கறுப்புக் கண்ணாடியை அன்றுதான் நான் மனதார நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மறுபடியும் கள்ளக்குறிச்சி. கடையில் கூட்டம் குறையும் வரைக்கும் எதிர் டீக்கடையில் நின்றேன். நிர்மலா அம்மாள் என்னைப் பார்த்ததுமே 2700 எடுத்து வைத்தார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தோதான பல்புதான் என்று பெட்டியில் டிம்மபிள் என்று அச்சடித்திருந்ததை விரல் வைத்துக் காட்டினார். பிறகு, “டிம்மரு இன்னா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். இருந்தது. ஐந்து நிலை கொண்ட, நல்ல கனமான, இருபது வருடமாக ஒரு நாளும் மக்கர் பண்ணாத ஒரு கருவி. அதன் பூர்வீகம் இங்கே தேவையில்லை. அதைப் பொருத்தி சுவிட்சைப் போட்டேன். ஐந்தில் வைத்தால் பரவாயில்லை. நாலில் வைத்தால் உறுமியது. மூன்றில் ஒன்பதும் படபடவென்று அடித்துக்கொண்டன, தெருவில் போனவர்கள் நம் வீட்டில் ஏதோ விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். அப்போது கண்ணை மூடியவைதான் அந்த இரண்டு பல்பும். இரண்டில் வைத்தால் மீதி ஏழும் மஞ்சளாக, மங்கலாக, ஏறி இறங்கி ஒரு மாதிரி எரிந்தன. சென்னையில் இப்படித்தான் போலிருக்கிறது, நாகரிகம் என்றால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, உங்களுக்காக ட்யூப்லைட்டுகளை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் பாவாடை வாசலில் வந்து நின்றார். “இன்னாண்ணே, வூட்ல லோ வோல்டேஜா?” என்றார். இல்லை பாவாடை, இது அலங்கார விளக்கு, வேண்டுமென்றுதான் குறைத்து வைத்திருக்கிறோம் என்றேன். அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காசு கொடுத்து எவனாவது வெளிச்சத்தைக் குறைப்பானா? பாவம், ரிட்டையர் ஆன மனுஷன், பழைய ஆபீசில் போய்க் குறை சொல்லக் கூச்சப்படுகிறான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். முன்பு ஒரு காற்று மழையில் அவர் வீட்டு லைனை நான் இழுத்துக் கட்டிக் கொடுத்த நன்றி வேறு. தெருவில் இருபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, முன்னாள் லைன்மேன் வீட்டுக்கே இந்த நிலைமை என்று மனு எழுதி மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட இருபத்து மூன்று பேர் வீட்டிலும் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஏணியோடு பச்சமுத்து வந்து நின்றான். நான் கம்பம் ஏறக் கற்றுக்கொடுத்தவன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. வீட்டில் அளந்தான், 231 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போய் அளந்துவிட்டு வந்தான். கூடத்தில் நின்று விளக்கை அண்ணாந்து பார்த்தான். பிறகு சுவரில் இருந்த கருவியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. “எல்லாம் நல்லாத்தாண்ணே வருது” என்று சொல்லிவிட்டு, உங்கள் அத்தை கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினான். வாசலைத் தாண்டியதும் அவன் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன் மாப்பிள்ளை. உண்மையான கஷ்டம் வேறு, அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வெளிச்சம் மங்கினால் என்னால் உட்கார முடியவில்லை. முப்பத்து நான்கு வருடம், வெளிச்சம் மங்கினால் யாரோ என்னைக் கூப்பிட வருகிறார்கள் என்று அர்த்தம். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவேன். இப்போதும் அந்த விளக்கைக் குறைத்து வைத்தால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. முந்தாநாள் கட்டிங் பிளேயரும் கையுமாக டிரான்ஸ்பார்மர் அடியில் போய் நின்ற பிறகுதான், குறைத்து வைத்தவனும் நானே, சரிபார்க்க வந்தவனும் நானே என்று உறைத்தது. சுபா பிறந்த அன்றும் இப்படித்தான் கிளம்பிப் போனேன். புயல் மழை, ரிஷிவந்தியம் பக்கம் பதினோரு கம்பம் சாய்ந்துவிட்டது. பிள்ளை முகத்தை மூன்றாம் நாள்தான் பார்த்தேன். உங்கள் அத்தை இன்றுவரைக்கும் அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை, அதுதான் அதிகமாக வலிக்கிறது. இந்த முறையாவது முதல் நாளே, முதல் மணியே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சென்னையில் பிரசவம் என்றால் நான் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள். நீங்கள் சரி என்று சொன்னால் விளக்கை வைக்கோல் சுற்றிப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஐந்து ட்யூப்லைட்டில் மூன்றை அணைத்துவிடுகிறேன், மீதி இரண்டுக்கும் என் பழைய வேட்டியைக் கட்டிவிடுகிறேன். விளக்கைக் காரணமாக வைத்து சுபாவை மட்டும் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் எங்கள் வணக்கம். சுபாவை மாடிப்படி பார்த்து ஏறச் சொல்லவும். நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடும், குறையாத வோல்டேஜோடும் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தெய்வசிகாமணி,
லைன்மேன் (ஓய்வு).

பின்குறிப்பு: மாப்பிள்ள, அத்தை கண்ணகி எழுதறேன். இந்த லெட்டர தபால்ல போடச் சொல்லி மாமா எங்கிட்ட குடுத்து நாலு நாளு ஆவுது. நான் போடல, படிச்சேன். அஞ்சு நிலை கருவின்னு எழுதியிருக்காரே, அது கூடத்து ஃபேன் ரெகுலேட்டருங்க. அதான் ஃபேனு ஒரே வேகத்துல சுத்திக்கினு இருந்துது. புதங்கெழம மாமா ஒரு காதுகுத்துக்கு மணலூர்பேட்டை போனாரு. அந்தாண்ட அவரு பஸ்ஸேறுனதும் இந்தாண்ட நான் கள்ளக்குறிச்சி பஸ்ஸேறிட்டேன். உங்க சீட்ட நிர்மலா அம்மா கையில குடுத்தேன். அவங்க கடைசி வரைக்கும் படிச்சாங்க. எல்ஈடி பல்புக்குன்னே இருக்கற டிம்மரு ஒண்ணும் பல்பு ரெண்டும் குடுத்தாங்க. பச்சமுத்து வந்து மாட்டிட்டு, ரெகுலேட்டர ஃபேனுக்கே திருப்பி வச்சிட்டுப் போனான். சாயங்காலம் மாமா வந்து பேப்பரு படிச்சிக்கினு உக்காந்திருந்தாரு. நான் பின்னால நின்னு மெல்ல மெல்லக் கொறச்சேன். வெளக்கு ஆடல, உறுமல. பாதிக்கு வந்துது, அதுக்குங் கீழ வந்துது. இப்ப செருப்ப மாட்டிக்கினு கெளம்புவாரு பாருன்னு நிக்கறேன், எழுந்திரிக்கல. கிட்ட போயி பாத்தா தூங்கறாரு. கல்யாணம் ஆயி முப்பத்தோரு வருஷத்துல வெளக்கு மங்கி அந்த மனுஷன் தூங்கி நான் பாத்ததே இல்லீங்க. இன்னிக்கி காலைல அவரே ஏணி போட்டு ட்யூப்லைட்டு அஞ்சையும் கழட்டிட்டாரு. அதனால மேல எழுதினது எதையும் மனசுல வச்சிக்காதீங்க. வெளக்கு இங்கியேதான் இருக்கும். வளைகாப்பு முடிஞ்ச கையோட சுபாவ இட்டுக்கினு வாங்க.

பின்குறிப்புக்குத் திருத்தம்: கடிதத்தை ஒட்டும் முன் நான் வாங்கிப் பார்த்ததில் இரண்டு பிழைகள். ஒன்று, நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு விளக்கில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டு, கழற்றிய ட்யூப்லைட் ஐந்து அல்ல, நான்கு. ஐந்தாவது உயரத்தில் இருக்கிறது, கீழே ஏணியை ஒரு ஆள் பிடிக்க வேண்டும். பச்சமுத்து வருகிறேன் என்றான், நான் வேண்டாம் என்றுவிட்டேன். மாப்பிள்ளையை ஏணி பிடிக்கச் சொல்வது மரியாதையா என்று உங்கள் அத்தை கேட்கிறாள். சுபாவை அழைத்துக்கொண்டு வரும் அன்று நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், நான் ஏறிக் கழற்றிவிடுகிறேன். கறுப்புக் கண்ணாடி அதுவரைக்கும் பையில் இருக்கட்டும்.