முப்பது விநாடிக் குரவை

“எருமை கன்னு போடுத மாதிரி இருக்குவே ஆன்ட்ரூசு,” என்றார் பொன்னுலிங்கம்.

“மூணு விநாடிச் சத்தத்த முப்பது விநாடியா இழுத்தா பின்ன குயிலா கூவும் அண்ணாச்சி?” என்றார் மைக்செட் ஆன்ட்ரூஸ், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் பத்து மணிக்குப் பூதப்பாண்டியில் பொன்னுலிங்கத்தின் மகள் அஸ்வதிக்குக் கல்யாணம். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து நாக்கைச் சுழற்றிப் போட்ட குரவைச் சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் தோவாளை வரைக்கும் பறந்துவிட்டன. பெண் வீட்டுப் பக்கம் ஒரு சத்தமில்லை. சம்பந்தியம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாங்காமல், “தாலி கட்டுக்கு எங்க ஞானம் மைனி வருவா. அவ ஒருத்தி போதும்!” என்று சொல்லிவிட்டார் பொன்னுலிங்கம்.

அண்ணன் மனைவி ஞானம் குரவைக்குப் பேர் போனவள்தான். ஆனால் போன வாரம் பல் செட்டு கட்டியிருந்தாள். நாக்கைச் சுழற்றினால் செட்டு மாப்பிள்ளை மடியில் விழும்.

கடைசியில் குடும்ப வாட்ஸப்பில் மூன்று விநாடி ஒலி ஒன்று கிடைத்தது. ‘ஞானம் மைனி சத்தம் கேட்டியளா’ என்று யாரோ போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அனில்குமாரோ மோதிரம் போடவே அரை நிமிடம் எடுத்த ஆள். மூன்று முடிச்சுக்கு முப்பது விநாடியாவது வேண்டும்.

“சுருதி மாறாம இழுக்கதுக்கு ஒரு பொத்தான் உண்டு,” என்று ஆன்ட்ரூஸ் அதை அமுக்கினார்.

இப்போது எருமை போய், ஸ்டார்ட் ஆகாத ஆட்டோ வந்தது.

“திக்குதேவே!”

“நடுவுல உள்ளத மட்டும் இழுத்துப் பாப்போம்.”

அது ஒப்பாரியாக வந்தது. எதிர்க் கடைக்காரர் தோளில் துண்டோடு ஓடிவந்து, “யாரு போயிட்டா?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டரு ஏதோ கோளாறு,” என்று திட்டிக்கொண்டே, ஒப்பாரியை ஏழு நகலாக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மேலே எதிரொலியையும் தெளித்தார் ஆன்ட்ரூஸ். ஒருவழியாகக் குரவை மாதிரி ஏதோ ஒன்று பிறந்தது.

மறுநாள் முகூர்த்தம். ஞானத்தை ஒலிபெருக்கிப் பக்கம் நிறுத்தி, “மைனி, ஒண்ணும் கேக்காண்டாம். முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டு நில்லுங்க,” என்றார் பொன்னுலிங்கம்.

“என்னத்துக்குலே?”

“மானம் போவும் மைனி!”

கெட்டிமேளம் கொட்டியது. ஆன்ட்ரூஸ் பொத்தானைத் தட்டினார். மண்டபம் கிடுகிடுத்தது, தாடகை மலையே ஒரு பக்கம் சாய்ந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சம்பந்தி வீட்டு ஏழு பேரும் எதிர்க்குரவை போட்டு, பன்னிரண்டாவது விநாடியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் அனில்குமார் அன்றைக்கென்று பார்த்து எட்டே விநாடியில் தாலியைக் கட்டி முடித்திருந்தான். மேளம் நின்றது. குரவை நிற்கவில்லை. ஆன்ட்ரூஸ் நிறுத்தப் போனார். பதற்றத்தில் விரல் எங்கோ பட்டு, முப்பது விநாடி அறுபதானது. ஞானம் கண்கள் பிதுங்க, முந்தானையோடு நின்றாள். பொன்னுலிங்கத்துக்கு வேட்டி நனைவதுபோல வியர்த்தது.

ஒருவழியாகச் சத்தம் ஓய்ந்தது. சம்பந்தியம்மா நேராக ஞானத்திடம் வந்தாள். தொலைந்தது என்று பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளோ ஞானத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “ஒத்த மூச்சுல ஒரு நிமிசமா! இப்பிடிக் குரவைய ஏழு ஊருலயும் கேட்டதில்ல அக்கா. அடுத்த மாசம் எனக்க எளைய மவன் கல்யாணத்துக்கும் நீங்கதான் வந்து போடணும்.”

ஞானம் முந்தானையை இறக்கி, பல் செட்டை நாக்கால் சரிசெய்துகொண்டாள்.

“வாரேன் மக்கா. ஆனா வாட்ஸப்புல சத்தம் புடிச்ச அன்னைக்கு என்னக் கடிச்ச நாயையும் கூட்டிட்டு வரணும். அது கடிக்காம எனக்கு இந்தச் சத்தம் வராது.”