சைரனும் சக்கரமில்லாத கப்பலும்

கோபம் என்ற சமாச்சாரத்தை ஓசூருக்குக் கொண்டுவந்தவரே எங்கள் சைரன்தான். அவருக்கு முன்னால் இந்த ஊரில் யாரும் கோபப்பட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

நாங்கள் வேலை பார்த்தது கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். ஆயுள் முழுக்க பிரஸ் ஷாப்பில், தகட்டை அடித்து நெளிக்கும் எந்திரங்களுக்கு நடுவே நின்றதால் அவருக்குக் காது மந்தம், தொண்டை பிரமாதம். சைரன் என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். "உப்பு எங்க?" என்று கேட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டு வருவான். கோபம் முற்றினால் தமிழ் போதாது, தெலுங்குக்குப் போவார். அதுவும் தீர்ந்துவிட்டால் கன்னடம்.

ஆயுத பூஜை முடிந்ததும் எங்கள் ஷிப்ட்காரர்கள் குடும்பத்தோடு டூர் போவது வழக்கம். கிளம்பும் முன் பஸ் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைப்பது சைரனின் பொறுப்பு. ஒரு வருஷம் டிரைவர் அவசரப்பட்டுத் தானே பழத்தை வைத்துவிட்டார். சைரன் அத்தனையையும் பொறுக்கி எறிந்துவிட்டுப் புதுப்பழம் வாங்க மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டிருந்தோம்.

அடுத்த டூருக்கு எங்கள் சூப்பர்வைசர் தூத்துக்குடி முத்துச்செல்வம் கேன்டீனில் போனை நீட்டினார். சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல். பத்துப் பதினோரு மாடி, நீச்சல் குளம், சினிமா, ஆட்டம் பாட்டம். எல்லோரும் வாயைப் பிளந்தோம். சைரன் மட்டும் தட்டைத் தள்ளினார்.

"த்தூ! இது கப்பலாடா? பெங்களூர் மாலத் தூக்கித் தண்ணில உட்டுக்கிறான். மால் பாக்க எதுக்குடா கடலுக்குப் போவணும்? அத்திப்பள்ளி தாண்டுனா போதாதா?"

"வே, இனிமே பெரிய கப்பலுக்குத்தாம் காலம். வருஷா வருஷம் பெருசாக் கெட்டுதான்," என்றார் முத்துச்செல்வம்.

"கட்டுவான், கட்டுவான். கடலவிடப் பெருசாக் கட்டுவான். அப்புறம் எங்கடா மெதக்க விடுவான்? எழுதி வெச்சுக்கோ, சின்னக் கப்பல்தான் நிக்கும். பத்துப் பேரு ஏறணும், கைய நீட்டுனா தண்ணி தொடணும். அதான் கப்பலு!"

"நான் கடக்கரையில பொறந்தவன். கடல்ல என்ன இருக்கு, உப்புத்தண்ணி. பாக்க வேண்டியது கப்பலத்தாம்."

இதற்கு சைரன் சொன்ன பதில் தெலுங்கில் இருந்ததால் இங்கே எழுதவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். பெரிய கப்பல் ஜெயித்தது.

வரமாட்டார் என்று நினைத்தோம். மனைவி ரத்னம்மாவோடு முதல் ஆளாக பஸ்ஸடியில் நின்றார், பையில் கப்பலுக்கென்று தனியாக ஒரு பூசணிக்காய். ரத்னம்மாவுக்கு ரோஜாத் தோட்டத்தில் பூ அடுக்கும் வேலை. குள்ளமான, அதிர்ந்து பேசாத பெண்மணி. கடலைப் பார்த்ததே கிடையாது. "ஒரு தரம் கடல் தண்ணில கை நனைக்கணும்னு ஆசைங்க. அவருகிட்ட எப்பவோ சொல்லிட்டேன்," என்று பஸ்ஸில் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். சைரன் எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

துறைமுகத்தில், பைகளைச் சோதிக்கும் எந்திரத்தில் பூசணிக்காய் மாட்டியது.

"யே க்யா ஹை?" என்று இந்தியில் கேட்டார் அதிகாரி.

"திருஷ்டி!" என்று அலறினார் சைரன். அங்கே நின்ற போலீஸ்காரர் துள்ளிவிட்டார்.

"கப்பலுக்குச் சக்கரம் எங்கன்னு தேடுதீராவே?" என்று முத்துச்செல்வம் வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார். மூன்று மொழியில் திட்டு வாங்கியும் ஒன்றும் புரியாத அதிகாரி, பூசணிக்காயைப் பறிமுதல் செய்தார்.

உள்ளே போனதும் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அறைகளில் ஜன்னலே இல்லை. சோற்றுக்கு வரிசை, லிப்ட்டுக்கு வரிசை, குளத்துக்கு வரிசை. ஷிப்ட் மாறும்போது எங்கள் கேட்டில்கூட அவ்வளவு நெரிசல் கிடையாது. மேல்தளத்தில் கம்பி ஓரம் முழுக்க, கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கும் கூட்டம். கடலை மறைக்கக் கடலிலேயே கட்டடம் கட்டியிருக்கிறான் பாவி! ரத்னம்மா நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தார். தண்ணீர் எங்கோ பாதாளத்தில் கிடந்தது.

"கீழ எறங்க வழி இல்லீங்களா?" என்றார்.

சைரன் ஒரு சிப்பந்தியைப் பிடித்து, தண்ணீரில் கை நனைப்பதுபோல் காட்டிக் கேட்டார். அவன் பணிவாக நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனான்.

"தொட்டியத் தொடறதுக்காடா ஓசூர்லருந்து வந்தோம்!"

அந்த முழக்கத்தில் பாட்டுக் கச்சேரியே நின்றுவிட்டது.

கப்பல் சென்னைக்குத் திரும்பி நாங்கள் பஸ் ஏறியதும், காசிமேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் கத்திய கத்தலில் டிரைவரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கரையோரம் ஒரு மீனவரின் சின்னப் படகு. சைரன் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, படகின் மூக்கில் வைத்துக் கும்பிட்டார்.

"இன்னா நைனா, இது லாரியா?" என்று சிரித்தார் மீனவர்.

சைரன் படகில் ஏறி மனைவிக்குக் கை நீட்டினார். முத்துச்செல்வம் பேன்ட்டை மடித்து இறங்கி, ரத்னம்மா ஏறும்வரை படகை ஆடாமல் பிடித்துக்கொண்டார். நாங்கள் கரையிலேயே நின்றோம்.

ரத்னம்மா குனிந்து கையை நீரில் விட்டார். விரலை நக்கிப் பார்த்தார்.

"உப்புங்க," என்றார்.

"நல்லா நனைச்சுக்க ரத்னா. மெதுவா. யாரும் அவசரப்படுத்தல."

அப்படி ஒரு குரல் சைரனிடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. படகு கரையை ஒட்டி நின்றதால் காதில் விழுந்தது.

இப்போது சைரன் ஓய்வு பெற்று சூளகிரிப் பக்கம் போய்விட்டார். புதிதாகச் சேர்ந்தவர்கள் போனில் அதைவிடப் பெரிய கப்பலைக் காட்டுகிறார்கள். யாரும் தட்டைத் தள்ளுவதில்லை. கேன்டீன் ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை.