பல் டாக்டர் பார்த்த கம்ப்யூட்டர்

"ஐயோ, மறுபடியும் போச்சு!"

மனைவி போட்ட கூச்சலில், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினார். மேஜை மேல் கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி தன்பாட்டுக்கு அணைந்து, தன்பாட்டுக்கு மறுபடி விழித்துக்கொண்டிருந்தது.

"எதையாவது அழுத்தினியா?"

"விரலே படலைங்க. 'வால்வை இறுக மூடவும்'னு டைப் பண்ணினேன். அதுவே மூடிக்கிச்சு!"

பிள்ளைகளெல்லாம் ஆளாகி வெளியூர் போனபிறகு, அந்த அம்மாள் தானாகத் தேடிப் பிடித்த முதல் வேலை அது. தண்ணீர் பம்பு ஒன்றுக்கான கையேட்டை மொழிபெயர்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் அனுப்பினால் கம்பெனியின் மற்ற கையேடுகளும் அவளுக்குத்தான். தவறினால் வேறு ஆள் காத்திருக்கிறார். காலையிலிருந்து ஒரு பக்கம் முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

"அந்த சர்வீஸ்காரரையே கூப்பிடுவோமே. இதை மாட்டிக் கொடுத்தவரும் அவர்தானே?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. "வாய்க்குள்ள கையை விட்டு நரம்பையே உருவற ஆளு நான். இந்தப் பெட்டி எம்மாத்திரம்? அதுவும் அவர் இப்ப நம்ம கிளினிக் வேலையில இருக்காரு."

சொல்லி வைத்தாற்போல் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. வரவேற்பில் உட்காரும் பெண்.

"டாக்டர், இங்க கம்ப்யூட்டர் இன்னும் அப்படியே உறைஞ்சு நிக்குது. எக்ஸ்ரே திறக்கலை. பேஷண்ட் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்காரு."

"ஜூனியர் டாக்டர் என்ன பண்றாரு?"

"அவரும் வாயைத் திறந்துகிட்டுதான் உக்காந்திருக்காரு டாக்டர்."

"சர்வீஸ்காரர் என்னம்மா சொல்றாரு?"

"அவரு ஆபீஸ்ல இருந்தபடியே நெட் வழியா பாக்கறாராம். நீங்க காலைல சொன்ன மாதிரி ரீஸ்டார்ட் பண்ணிட்டுதான் இருக்காராம். சரியாகலை."

"விடாம பண்ணச் சொல்லும்மா. ரீஸ்டார்ட்ல சரியாகாத வியாதியே கிடையாது!" என்று போனை வைத்தார். பிறகு மனைவியின் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"காய்ச்சல்! சூடு ஏறித்தான் மயங்கி விழுது."

மேஜை விசிறியைத் தூக்கிவந்து முழு வேகத்தில் திருப்பிவிட்டார். கம்ப்யூட்டர் குளிர்ந்ததோ இல்லையோ, பக்கத்தில் அடுக்கியிருந்த மூலக் கையேட்டின் தாள்கள் மொத்தமும் கிளம்பி அறையைச் சுற்றி வந்தன. அவற்றில் இரண்டு தாள்கள் ஜன்னல் வழியே வெளியேறின. அந்த அம்மாள் தெருவுக்கு ஓடி, பக்கத்து வீட்டுக் காரின் மேலிருந்து ஒன்றையும், அந்தக் காரின் அடியிலிருந்து ஒன்றையும் மீட்டு வந்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்து இரண்டு வரி அடித்தாள்.

திரை இருண்டது.

"இப்ப புரிஞ்சுபோச்சு," என்றார் டாக்டர். "கரண்ட் பத்தலை. இந்த ப்ளக் பாயிண்ட் சரியில்லை."

சமையலறையில் பிரிட்ஜுக்கான பாயிண்ட்தான் வீட்டிலேயே உருப்படியானது என்று முடிவு கட்டி, பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டரை மாட்டினார். அந்த அம்மாள் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே நின்றுகொண்டே டைப் அடித்தாள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. டாக்டர் இடுப்பில் கைவைத்து நின்றார். "பாத்தியா?"

அவள் காலடியில் சில்லென்று ஏதோ ஓடியது. பிரிட்ஜில் உறைந்திருந்த ஐஸ் கரைந்து தரையில் குளம் கட்டியிருந்தது. "தண்ணி!" என்று அவள் துள்ளியதும், திரை இருண்டதும் ஒன்றாக நடந்தன.

இந்தத் தடவை டாக்டருக்கு ரத்தம் சூடேறியது. கம்ப்யூட்டரை மாட்டியிருந்த ஒயரோடு அப்படியே தூக்கி, பக்கத்திலிருந்த சாப்பாட்டு மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் வந்தன.

"என்னங்க, திறக்காதீங்க. நான் இப்பதான் மொழிபெயர்த்தேன். 'பழுது நீங்காவிடில் தகுதி பெற்றவரை அணுகவும். எக்காரணம் கொண்டும் தாங்களே திறக்க வேண்டாம்.'"

"அது பம்புக்கு."

"ஃபைலையாவது பென்டிரைவ்ல எடுத்து வெச்சுக்கறேனே!"

"எதுக்குப் பதறறே? ஆபரேஷன் முடிஞ்சு நடந்தே வீட்டுக்குப் போகும்."

மூடி கழன்றது. உள்ளே தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. டாக்டர் மனைவியின் தலைமுடி உலர்த்தியை வைத்து ஊதினார். அத்தனை தூசியும் எழும்பி இருவர் முகத்திலும் அப்பிக்கொண்டது. அவர் தும்மினார். தும்மிய வேகத்தில் ஸ்க்ரூடிரைவர் எங்கேயோ பட்டது. பொறி பறந்தது. டாக்டர் ஒரு முழம் பின்னால் போய் விழுந்தார்.

"ஐயையோ! கரண்டை எடுக்கலையா நீங்க?"

"எடுத்தேன்... பிரிட்ஜோடதை," என்றார் தரையிலிருந்து. தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

அந்த அம்மாள் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அவரை எழுப்பித் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் ஒரு நோயாளியைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. உள்ளே பல்வரிசை மாதிரி நின்ற இரண்டு பட்டைகள் கண்ணில் பட்டன. ஒன்று லேசாக ஆடியது.

"இதான்! ஆடற பல்லு!"

"வேண்டாங்க..."

கட்டைவிரலை ஊன்றி, பழகிய கையால் ஒரு திருகு திருகி இழுத்தார். 'டக்'கென்று பட்டை கையோடு வந்தது. அதைப் பிடித்திருந்த கொக்கியும் சேர்ந்து வந்தது. பழக்கதோஷத்தில், "வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்க," என்றார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபின் மேஜையில் மூன்று ஸ்க்ரூ மிஞ்சியது. ஒயரை மாட்டிப் பட்டனை அழுத்தினார். உள்ளேயிருந்து எரிந்த நாற்றம் ஒன்று மட்டும் வந்தது.

அந்த அம்மாள் அலறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த மௌனம்தான் டாக்டருக்கு நிஜமான ஷாக்.

"எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு," என்றாள் கடைசியில், மெல்ல.

டாக்டரின் வீறாப்பெல்லாம் வடிந்தது. தூசி படிந்த முகத்தோடு கிளினிக்குக்குப் போன் செய்தார். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, அந்த சர்வீஸ்காரரை உடனே எங்க வீட்டுக்கு அனுப்பும்மா. கையைக் காலைப் பிடிச்சாவது அனுப்பு."

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன் டாக்டர். அவர் இன்னொரு லைன்ல இருக்காரு. உங்க பேர்ல ரெண்டு கம்ப்யூட்டர் இருக்காம். காலைலேர்ந்து நீங்க சொல்லச் சொல்ல அவரு ரீஸ்டார்ட் பண்ணிட்டிருந்தது கிளினிக்கோடது இல்லையாம், உங்க வீட்டோடதாம்... இப்ப திடீர்னு அது லைன்லயே வரலையாம், 'நல்லா இருந்த கம்ப்யூட்டரை யாராவது என்னமாவது பண்ணிட்டாங்களா'ன்னு கேக்கறாரு!"