கிணற்றில் பதினோரு அடி

செக்கானூரணித் தோட்டம்
21.4.2003, திங்கள்

அன்பு மாப்ள சிவக்குமாருக்கு,

மச்சான் வெள்ளைத்துரை எழுதுவது. நானும் உன் அக்கா சுபலட்சுமியும் சுகம். ஆனையூரில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இனி செய்தி.

நம் கிணற்றில் இன்று காலை பத்தேகாலுக்குத் தண்ணீர் பதினோரு அடி நின்றது. கயிறு விட்டு அளந்தவர் பக்கத்துத் தோட்டத்து மலையாண்டி. "என்னண்ணே, கொடிக்குக் குளுக்கோஸ் ஏத்துறீகளா?" என்று நம் சொட்டுநீர்க் குழாயைத் தினமும் நக்கலடிக்கிறவர், நமக்குச் சாதகமாக அளந்திருக்க மாட்டார். சென்ற மாதம் குழாய் போட்ட அன்றும் இதே பதினோரு அடிதான்.

"ஒரு மாசம் பாப்பேன் மச்சான். கிணறு இறங்குச்சு, வெள்ளிக்கிழமை போர் லாரி வந்து நிக்கும்" என்று சொன்னவன் நீ. இறங்கவில்லை. எண்ணூறு அடிக்குத் துளைத்தால் நம் கிணறும் போகும், மலையாண்டி கிணறும் போகும். லாரியை நிறுத்திவிடு.

சிரமமே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் அணில்கள் தாகத்தில் குழாயைப் பதினேழு இடத்தில் கடித்தன, சரி குடிக்கட்டும் என்று சிரட்டைகளில் தண்ணீர் வைத்தேன், அதைக் குடிக்க மைனாக்கள் வந்தன, வந்தவை அண்ணாந்து பார்த்துப் பந்தலில் திராட்சைப் பழம் இருப்பதைக் கண்டுகொண்டன, வலை கட்டினேன், அந்த வலையில் மலையாண்டியின் கிடா மாட்டிக்கொண்டு பந்தல் கல்தூண் ஒன்றையும் சாய்த்துக்கொண்டு போனது, அவர் என்னைத்தான் திட்டினார். இரண்டாம் வாரம் எல்லாம் அடங்கிவிட்டது. அணில் ஒரு கடிகூடக் கடிப்பதில்லை. சிரட்டை வைத்தியம் பலித்தது. தொட்டியை நிரப்பத் தினமும் கால் மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும். நூற்று எண்பது கொடிகளின் அடியிலும் தட்டு அகலத்துக்கு வட்டமாக ஈரம். குனிந்து தொட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு வருடம் நிருபராக இருந்தவன், ஒற்றைச் சாட்சியை நம்பி எழுதுவதில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முனியாயிக்கு மட்டும் இடுப்பு வலி. களை எடுத்ததால் இருக்கும். தைலம் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை

பி.கு.: முனியாயியிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதலாமே என்று, உறையை ஒட்டுமுன் போனேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "குழா போட்ட ஒம்பதாம் நாளே உப்பு அடைச்சுப்போச்சுய்யா. ஒரு சொட்டு வரல. நீங்க வர்றதுக்குள்ள தொட்டியில மோந்து, கொடிக்கு ஒரு கொடம், இன்னைக்குப் பாதி நாளைக்குப் பாதின்னு நான்தான் ஊத்துறேன்." ஏன் சொல்லவில்லை என்றேன். "பஸ்ஸுல ஏறுறவுக எறங்குறவுக அம்புட்டுப் பேருகிட்டயும் பெருமை பேசிக்கிட்டு இருந்தீக. நடுவுல நான் எப்பிடிச் சொல்ல?"

குழாயில் தண்ணீர் சொட்டும் முனைகள் நான்கைக் கழற்றிப் பார்த்தேன். உறுதி. அணில்கள் எனக்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் பதினோரு அடி பதினோரு அடிதான். லாரி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. அடைப்பு எடுக்கும் ஆள் சனிக்கிழமை பகலில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முனியாயி புதன் சாயங்காலமே மகள் பிரசவத்துக்கு மேலூர் போகிறாள். வியாழன் கிழக்குப் பாதி, தொண்ணூறு கொடி, நான் ஊற்றுகிறேன். மேற்குப் பாதிக்கு, லாரி வருவதாக இருந்த வெள்ளிக்கிழமை, நீ வா. குடம் இங்கே இருக்கிறது; தைலம்தான் தீரப்போகிறது, வரும்போது வாங்கி வா.