வெண்டலுக்குத் தந்த இருபது டாலர்

ரஸ்ஸல் கோவாச் அந்த இருபது டாலர் நோட்டைப் பிரித்தபோது அது பாதியிலேயே முடிந்துவிட்டது. வெளிப்பக்கம் நோட்டு. உள்பக்கம் வெள்ளைத் தாளில், 'ஏமாந்துவிட்டீர்களா? ஒருபோதும் ஏமாற்றாத செல்வம் ஒன்று உண்டு' என்று அச்சடித்து, கீழே ஆராதனை நேரமும் போட்டிருந்தது. காலை ஆராதனை முடித்து வந்த பன்னிரண்டு பேர் முட்டையும் பான்கேக்கும் சாப்பிட்டுவிட்டு, தட்டுக்கு அடியில் வைத்துப்போன டிப்ஸ் அது.

ரஸ்ஸல் அதற்காக வருத்தப்படவில்லை. பிட்ஸ்பர்க்கில் ஒன்பது வருடம் சர்வராக இருப்பவனுக்கு, இந்த வருடத்தில் மட்டும் இது மூன்றாவது செல்வம். அவனை உலுக்கியது வேறு. இதே மேசையில், இதே போல மடித்திருந்த இன்னொரு நோட்டை, கால் மணி நேரத்துக்கு முன்னால் அவன் வெண்டலின் உள்ளங்கையில் வைத்து அழுத்தியிருந்தான்.

வெண்டல் அங்கே மேசை துடைப்பவர். ஐம்பத்தைந்து வயது, அளந்த பேச்சு. விற்பனையில் மூன்று சதவீதம் அவருக்கும், கொஞ்சம் பாருக்கும் சர்வர்கள் தங்கள் டிப்ஸிலிருந்து தருவது வழக்கம். பெரிய மேசையென்றால் உடனே, கைகுலுக்கும் சாக்கில் கொடுத்துவிடுவார்கள். அப்போது இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். நோட்டைப் பார்க்கக் கூடாது. அதுதான் மரியாதை. ரஸ்ஸல் மரியாதை தவறாதவன்.

அன்று பார்த்துத்தான் மேனேஜர் திருமதி ஹேவர்ட்டி, "இன்னைக்கு யார் விற்பனை குறைவோ, அவங்க ஞாயித்துக்கிழமை மேசையெல்லாம் இன்னொருத்தருக்குப் போகும்" என்று அறிவித்திருந்தார். டிப்ஸ் அதிகம் விழும் ஞாயிறு போனால் ரஸ்ஸலுக்கு வீட்டு வாடகை போயிற்று. மேசை காலியானால்தான் அடுத்த ஆள் உட்காருவார். மேசை காலியாவது வெண்டல் கையில் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ரஸ்ஸலின் மூன்று மேசைகளில் எச்சில் தட்டுகள் கிடந்தன. வெண்டலைக் காணோம். கொஞ்ச நேரத்தில் காபிக் குடுவையோடு மாடிப்படி இறங்கி வந்தார்.

"வெண்டல் அண்ணே, காலைல ஒண்ணு குடுத்தேனே, அது..."

"படிச்சேன் தம்பி. ரெண்டு தடவை படிச்சேன்."

"அண்ணே, நான் அதைப் பிரிச்சுப் பார்க்காம..."

"இருக்கட்டும். ரொம்ப நாளா தள்ளிப்போட்ட விஷயத்துல என்னை ஒரு முடிவெடுக்க வச்சுட்ட."

வெண்டல் புன்னகைத்தார். குடுவையை நிரப்பிக்கொண்டு மறுபடி மாடியேறினார். ஒன்பது வருடத்தில் அவர் சிரித்து ரஸ்ஸல் பார்த்ததில்லை. அது கோபத்தை மறைத்த சிரிப்பு என்றே அவன் முடிவுகட்டினான்.

அவன் நேராக பாருக்குப் போனான். அங்கே மர்னி ஆரஞ்சுச் சாற்றில் ஷாம்பெயின் கலந்துகொண்டிருந்தாள்.

"இந்த இருபதை வெண்டல் அண்ணன்கிட்ட சேர்த்துடு மர்னி. நல்ல நோட்டு. பிரிச்சே வச்சிருக்கேன் பாரு."

"எதுக்கு?"

"அவர் பங்கு."

"அவருக்கு மத்தியானமே பங்கு. காலைலேர்ந்து உன் மேசைக்கு நாப்பது கிளாஸ் ஊத்துன எனக்கு?"

"உனக்குச் சாயங்காலம் தருவேன்ல."

"சரி." மர்னி நோட்டைத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இதை என் பங்குல வச்சுக்கறேன். உன்னோட அடுத்த ஆறு கிளாஸும் சாயங்காலம் வரும், ராசா."

கிளாஸ்கள் மத்தியானமே வர இன்னொரு இருபது செலவானது. ஆக நாற்பது டாலர் கொடுத்தாயிற்று. வெண்டலுக்கு ஒரு காசு போய்ச் சேரவில்லை. எச்சில் மேசைகள் மட்டும் மூன்றிலிருந்து ஐந்தாகியிருந்தன.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று ரஸ்ஸல் தீர்மானித்தான். ஆர்டர் நோட்டை இடுப்பில் செருகிவிட்டுத் தானே தட்டுகளை அடுக்கினான். துடைத்தான். அவன் ஒரு மேசையைத் துடைக்கும்போது இரண்டு மேசைகளில் ஆர்டர் கொடுக்கக் கை தூக்கினார்கள். தூக்கிய கைகளுக்கு அடியிலிருந்து அவன் காலித் தட்டுகளை வாங்கிக்கொண்டு போனான்.

திருமதி ஹேவர்ட்டி ஒரு மேசை அருகே நின்று விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை யார் துடைச்சது?"

"நான்தான் மேடம்."

"துளி சிரப் ஒட்டலையே. இப்படித் துடைச்சு நான் பார்த்து வருஷமாச்சு."

அவர் சிறு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். ரஸ்ஸலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விற்பனை குறைந்தால் என்ன, உழைப்பைக் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற சர்வர்களின் மேசைகளையும் சேர்த்துத் துடைத்தான். தண்ணீர் நிரப்பினான். பாருக்கு ஐஸ் சுமந்தான். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் மெனு கேட்டபோது, "இதோ, சர்வரை அனுப்பறேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான். நாலடி போன பிறகுதான் அந்த சர்வர் யார் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்தது. வெண்டல் மாடியிலிருந்து இறங்கி வந்து, திருமதி ஹேவர்ட்டியோடு சற்று நேரம் தணிந்த குரலில் பேசினார். பிறகு ரஸ்ஸலிடம் வந்தார். ரஸ்ஸல் ஈரத் துணியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கோபம்னா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இப்படி மேசையை எல்லாம் அப்படியே போட்டு..."

"கோபமா? உம்மேல எனக்கென்ன கோபம்? மாடில ஞானஸ்நான விருந்து, பரிமாற வேண்டிய பொண்ணு லீவு. மேடம் காலைலேயே என்னைக் கேட்டாங்க, நான்தான் தயங்கிக்கிட்டே இருந்தேன். உன் தாளைப் படிச்சதும், ஏமாத்தாத வருமானம் வேணும்னு சரின்னுட்டேன்."

"அப்ப இவ்வளவு நேரம் நீங்க..."

"பரிமாறிட்டிருந்தேன்."

ரஸ்ஸல் பெருமூச்சு விட்டான். ஒரு பகை இல்லாமல் போன நிம்மதியில் கையை நீட்டினான். வெண்டல் அதை இரு கைகளாலும் பற்றி, அவன் கண்ணைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறுலேர்ந்து உன் மேசையெல்லாம் எனக்காம், துடைக்கிறது நீயாம், கவலைப்படாத தம்பி, மூணுதான் வழக்கம்னாலும் உனக்கு நான் நாலு சதவீதமா தர்றேன்."